ஊறுனாத்தான் திராட்சை

ஏட்டி, இங்க வா. போன ஞாயித்துக்கிழமை நீ சுட்ட கேக்குல ஒரு துண்ட எடுத்து வச்சிருக்கேன். மாடிக் கதவு காத்துல அடிச்சுக்கிடுது. அதுக்கு அண்டக் குடுக்க ராயப்பேட்டை முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கல்லு கிடைக்காது. மூஞ்சியத் தூக்காத. அறுபது வருசமா கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கே அசராத பல்லு எனக்கு. உன் கேக்குக்குத்தான் ஆடிப்போச்சு.

"எல்லாம் அளவாத்தான போட்டேன் தாத்தா"ங்க. பாத்தேன், பாத்தேன். தங்கம் நிறுக்குத மாதிரி ஒரு தராசு, முட்டை அடிக்க ஒரு மிசினு, போன்ல ஒரு வெள்ளக்காரி. அவ "ராத்திரி முழுக்க ஊறட்டும்"னு சொல்லுதா, நீ அவள விரலால தள்ளிவிட்டுட்டு பத்தே நிமிசத்துல திராட்சைய எடுத்துட்ட. அது சும்மா இருக்குமா? மாவுல இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிருச்சு. தாகத்தோட வந்த விருந்தாளி குடத்தக் காலி பண்ணத்தான செய்வான்?

அது அயர்லாந்துக்காரக வீட்டுப் பண்டம். பார்ம்பிராக். அவுக பாசையில புள்ளி விழுந்த ரொட்டின்னு அர்த்தமாம், நீதான் படிச்சுக் காட்டுன. முந்தி பீரு நொதிக்கும்போது பொங்குத நுரைய ஊத்தித்தான் மாவப் பொங்க வைப்பாக. நாம ஆப்பத்துக்குக் கள்ளு ஊத்துன கதைதான். அதுலயே திராட்சைய டீயில ஊற வச்சு நீ சுடுத டீ பிராக்குக்கு அந்த நுரையும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம். ஏழை வீட்டுச் சாமான். அதுக்குப் போயி நீ ரெண்டாயிரத்துக்குத் தட்டுமுட்டு வாங்கியிருக்க.

அயர்லாந்து ஒண்ணும் நமக்குத் தூரமில்ல. சர்ச் பார்க் பள்ளிக்கூடம் இருக்குல்லா, ஜெயலலிதா படிச்சது? 1909-ல அத ஆரம்பிச்ச கன்னியாஸ்திரிமாரு சபை, 1842-லயே அங்கயிருந்து கப்பலேறி மெட்ராசுக்கு வந்த சபை. அவுக வந்த மூணாம் வருசம் அவுக ஊருல உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம். நம்ம பக்கம் 1876-ல தாது வருசப் பஞ்சம். ரெண்டு பஞ்சத்துக்கும் மேல உக்காந்திருந்தது ஒரே ராணி. பஞ்சம் பாத்தவுகளுக்கு டீயோட அருமையும் திராட்சையோட அருமையும் யாரும் போன்ல சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

சரி, எழுதிக்கோ. ஜாம் பஜார் போயி கறுப்புத் திராட்சை, மஞ்சத் திராட்சை, கொஞ்சம் பேரீச்சை, மொத்தமா 350 கிராம் வாங்கு. டூட்டி ஃப்ரூட்டி வாங்காத. ஊருல எங்க கொல்லையில சீண்டுவாரில்லாமக் கிடந்த பப்பாளிக்காய்தான் அது. பாகுல முங்கி, சாயம் பூசி, பட்டணத்துக்கு வந்து பழம்னு சொல்லித் திரியுது. நம்ம தெருவுலயும் அப்படி நாலு பேரு இருக்காக, பேரு சொல்ல மாட்டேன்.

பால் விடாத டீ 300 மில்லி, நல்லாக் கடுப்பா. அதுல 150 கிராம் நாட்டுச்சர்க்கரையக் கரைச்சு, சூடாவே திராட்சை மேல ஊத்தி மூடிரு. காலையில ஒரு முட்டை, 250 கிராம் மைதா, ரெண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், துளி பட்டைப் பொடி. டீய வடிச்சுக் கொட்டிராத, அதுதான் உயிரு. கரண்டியால மாவு மறையுத வரைக்கும் கிண்டினாப் போதும். உளுந்து ஆட்டுத மாதிரி ஆட்டுனா மைதா ரப்பராயிரும். 170 டிகிரியில ஒரு மணி நேரம். ஈர்க்குச்சியக் குத்தி எடுத்தா மாவு ஒட்டக் கூடாது. நல்லா ஆறுனப்புறம் வெட்டி, வெண்ணெயத் தடவு. உள்ள போடாத வெண்ணெய மேல அப்பிக்கிடுதது அவுக சாமர்த்தியம்.

இன்னொண்ணும் உண்டு. அக்டோபர் 31-ந் தேதி சுடுத ரொட்டிக்குள்ள அவுக மோதிரம், காசு, பட்டாணி எல்லாம் ஒளிச்சு வைப்பாக. மோதிரம் கிடைச்சவளுக்கு வருசத்துக்குள்ள கல்யாணம். பட்டாணி கிடைச்சா அந்த வருசம் இல்ல. உங்க அம்மை எப்படியும் மோதிரத்தத்தான் போடுவா. நீ பட்டாணிக்கு அஞ்சு ரூபா வேணும்னா எங்கிட்ட வந்து கேளு.

இப்பக் கிண்ணத்த மூடி வச்சுட்டுப் போயிப் படு. அடுக்களை விளக்க நான் அணைச்சுக்கிடுதேன். காலையில திராட்சை ஒரு கை குறைஞ்சிருந்தா, எதுத்த வீட்டுப் பூனையக் கேளு.