இலையின்ர முதுகைப் பார், மருமோனே

இப்பிடி இரு மோனே. சன்னல் கம்பியில மட்டும் சாயாதை, சட்டை கறளாப் போகும். கொம்மா தைப்பொங்கலுக்குத்தான் பெயின்ற் அடிப்பிச்சவள். வெள்ளவத்தைக் கடல் விடுமே? சித்திரைக்கிடையில தன்ர கையெழுத்தைப் போட்டிட்டுது.

கையில உதென்ன பளபளப்பான தாள்? மலைநாட்டில யூகலிப்டஸ் தோட்டமோ? நீ காசைக் கட்டிப்போட்டு உந்த மாடியில காலாட்டிக்கொண்டு இருக்க, மரம் தன்பாட்டில வளந்து, பத்து வருசத்தில மூண்டு மடங்காத் தருமோ? ஐயோ, எவ்வளவு நல்ல மனுசர்! இவ்வளவு லாபத்தைத் தாங்களே வைச்சிருக்காமல் உன்னைத் தேடி வந்திருக்கினம். கட்டாயம் போடு. அதுக்கு முதல் இந்தக் கிழடன்ர பழங்கதை ஒண்டைக் கேட்டிட்டுப் போ.

உன்னை மாதிரிக் கெட்டிக்காரர் 1869இலும் இருந்தவை. மலை முழுக்கக் கோப்பி. மடுல்சீமைப் பக்கம் இலையின்ர அடியில செம்மஞ்சள் மா தடவின மாதிரிப் பொட்டுப் பொட்டாய்க் கிடந்தது. இரும்பில பிடிச்சால் கறள், இலையில பிடிச்சால் துருநோய். பேராதனைப் பூந்தோட்டத்துத் துவைற்ஸ் துரை இலையை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லி எண்ட பாதிரியார் பாத்து 'ஹெமிலியா வாஸ்ராற்றிக்ஸ்' எண்டு பேர் வைச்சார். வாஸ்ராற்றிக்ஸ் எண்டால் நாசமாக்கிறவள். தோட்டத்துரைமார் அதை 'நாசகார எமிலி' எண்டு நெளிச்சுப்போட்டுச் சிரிச்சினம்.

முசுப்பாத்தியைப் பார். அதே 1869இலதான் ஆபிரகாம் யோசேப்பு எண்டவர் கோப்பி பயிரிடுற விதத்தைப் பாட்டாக்கி 'கோப்பிக் கிருஷிக் கும்மி' எண்டு யாழ்ப்பாணத்தில அச்சடிச்சவர். கும்மி அச்சேற எமிலி மலையேறினாள்.

நோயைக் கண்டதும் நட்டதை நிப்பாட்டியிருப்பினம் எண்டு நினைக்கிறாய், என்ன? அதுதான் இல்லை. கோப்பி விலை ஏறிச்சுது. விலை ஏறேக்கை ஆர் குனிஞ்சு இலையின்ர முதுகைப் பாக்கிறது? இன்னும் காடு வெட்டினவை. 1878 அளவில ஏறத்தாழ 2,75,000 ஏக்கர்! வீடு எரியேக்கை மேல்மாடி கட்டின கதைதான்.

1880இல மார்ஷல் வார்ட் எண்டொரு இளந்தாரி வந்து இரண்டு வருசம் குனிஞ்சு பாத்தான். தூள் காத்தில பறக்குது, ஈரத்தில முளைக்குது, இலையின்ர அடியிலுள்ள மூச்சுத்துளைக்குள்ளால நுழையுது எண்டு காட்டினான். இடையில வேற மரமே இல்லாமல் மலை மலையாய் ஒரே செடியை நட்டால் காத்தை மறிக்க என்ன இருக்கு எண்டும் சொன்னான். வைத்தியர் நல்ல கெட்டிக்காரர்தான், ஆனால் வரேக்கை செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டாச்சு.

1884இல, கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் குடுத்த ஓரியன்ரல் வங்கி கதவைப் பூட்டிச்சுது. அதின்ர நோட்டை மடியில வைச்சிருந்த சனம் தலையில கை வைச்சுது. கோர்டன் தேசாதிபதி அரசாங்கம் பொறுப்பு எண்டதால தப்பிச்சினம். உன்ர தாளுக்கு ஆர் பொறுப்பு நிக்கிறது? துரைமாரில கொஞ்சப் பேர் கப்பலேற, மிச்சப் பேர் தேயிலைக்கு மாறினவை. மன்னாரில இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்து அந்தக் கோப்பியை நட்ட சனத்தில கன பேருக்குச் சம்பள நிலுவைகூடக் கிடைக்கேல்லை. அதுகளுக்குப் பொறுப்பு நிக்க ஒரு தேசாதிபதியும் வரேல்லை.

"அது கோப்பி, இது யூகலிப்டஸ், மாமா" எண்டு வாயைத் திறக்கிறாய். திற, திற. யூகலிப்டஸின்ர சொந்தக்காரர் ஆர் தெரியுமோ? கொய்யா, நாவல், ஜம்பு, கராம்பு எல்லாம் ஒரே குடும்பம். வங்கி பூட்டின அதே 1884இலதான் பிரேசிலில கொய்யாவில பிடிச்ச ஒரு கறளுக்குப் பேர் வைச்சவை. பிறகு அங்க யூகலிப்டஸைக் கொண்டுபோய் வரிசை வரிசையா நட, கறள் "மச்சான் வந்திட்டான்" எண்டு தாவிச்சுது. 2010இல அவுஸ்திரேலியாவில, யூகலிப்டஸின்ர பிறந்த வீட்டிலயே போய் இறங்கிச்சுது. அங்கத்தைக் காட்டுக் கொய்யா இப்ப அழியிற நிலையில. நோயும் சம்பந்தம் பேசித்தான் வீட்டுக்குள்ள வாறது, மோனே. அதுதான் உன்ர சிட்னி அண்ணன் ஒரு கண்டைப் பெட்டிக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வாறன் எண்டேக்கை, "நீ வா, கண்டு அங்க நிக்கட்டும்" எண்டனான்.

எங்கட காட்டுக் காரையும் கோப்பிக்குத் தூரத்துச் சொந்தம். அந்த இனத்துக்கும் எமிலியின்ர தங்கச்சிக்காரி ஒருத்தி இருக்கிறாள். ஆனால் காரை இண்டைக்கும் நிக்குது. ஏன்? இஞ்ச ஒரு பத்தை, அங்க ஒரு பத்தை, இடையில நூறு சாதி மரம். காரைக்கு ஒருத்தரும் பளபளப்பாத் தாள் அடிக்கேல்லை, அதுவும் ஒரு புண்ணியந்தான்.

உன்ர மரத்தில கறள் பிடிக்குமெண்டு நான் வாய் வைக்கேல்லை. உந்தத் தாளை மறுபக்கம் திருப்பு எண்டுதான் சொல்லுறன். கண்ணாடி வேணுமோ? இந்தா, என்ர கண்ணாடி. எறும்பு மாதிரி எழுத்தில என்ன போட்டிருக்கு? "நோய், புயல், தீயினால் வரும் நட்டத்துக்குப் பொறுப்பல்ல." பாத்தியே, கறள் எப்பவும் முதுகிலதான்.

எனக்கு எப்பிடித் தெரியுமெண்டோ? ஊரில என்ர அலுமாரித் தட்டுக்கு விரிச்சுக் கிடக்கிற தாளை நீ கண்டிருப்பாய். நல்ல வழுவழுப்பு, கரப்பான் ஏறாது. அதில மாமியின்ர காப்பு ரெண்டு கிடக்கு. மாமிக்குச் சொல்லிப்போடாதை.