கழுவுங்கள், கல்லா நிறையட்டும்

பெண்ணுடம்பில் சுத்தமில்லாத இடம் ஒன்று இருக்கிறதாம். கண்டுபிடித்துச் சொன்ன மகான், ஒரு சோப்புக் கம்பெனியின் விற்பனை மேலாளர்.

அந்த இடத்தில், அதாவது யோனியில், லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாக் கூட்டம் சம்பளமில்லாமல் காவல் நிற்கிறது. லாக்டிக் அமிலம் சுரந்து, பிஎச் அளவை 4.5-க்கு மேல் ஏறவிடாமல் வைத்திருக்கிறது. அந்தப் புளிப்பில் வேண்டாத கிருமிகள் எளிதில் தலையெடுக்காது. ஜெர்மன் மருத்துவர் டோடர்லைன் 1892-லேயே இந்த பாக்டீரியாவைப் பற்றி எழுதிவிட்டார். யார் படித்தார்கள்? அமெரிக்காவில் 1930-களில் தரை துடைக்கும் லைசாலையே உள்ளே விட்டுக் கழுவச் சொல்லி விற்றார்கள். கழுவாதவளுக்குப் புருஷன் நிலைக்க மாட்டான் என்று விளம்பரம் வேறு. வெந்தவர்கள் உண்டு, செத்தவர்களும் உண்டு. இந்தியத் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று 2012-ல் ஒரு படி மேலே போனது: மனைவியின் அந்தரங்கம் வெளுத்த பிறகுதான் கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்!

நாப்கினைக் கறுப்புக் கவரில் ஒளித்துத் தருகிற அதே மெடிக்கல் ஷாப்பில், அந்தரங்கம் கழுவும் வாசனை பாட்டில் மட்டும் கண்ணுக்கு நேராகப் பளபளக்கிறது. வெட்கமும் வியாபாரமும் ஒரே அலமாரியில்.

உள்ளே விட்டுக் கழுவினால் காவல் குலையும். கழுவாதவளுக்கும் குலையலாம், அது வேறு. குலைந்த இடத்தில் கார்ட்னெரெல்லா வகையறா குடியேறும். கிளமிடியா, கொனோரியா, எச்ஐவி தொற்றும் ஆபத்து கூடும். தென்னாப்பிரிக்காவின் உம்லாசியில் இளம்பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியான ஆய்வு சொல்வது இது: லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் மிகுந்தவர்களைவிட, பலவகை பாக்டீரியா மண்டியவர்களுக்கு எச்ஐவி ஆபத்து 4 மடங்குக்கும் மேல்.

இப்படிக் காவல் குலைந்து இங்கே ஒருத்தி "வெள்ளைப்படுது" என்றால் மாமியாரின் வைத்தியம், "சூட்டு உடம்பு, மோர் குடி." அதையும் தாண்டி டாக்டரிடம் போனால் மாத்திரை கிடைக்கும். கொஞ்ச நாளில் நோய் திரும்ப வரும். "நீ சுத்தமா இல்ல" என்பார்கள். அந்தக் கிருமியைக் கொண்டுவந்து கொடுக்கிறவன் யார் என்று எவனும் கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவில் கேட்டார்கள். பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. ஆணுக்கும் ஒரு வாரம் மாத்திரையும் குறியில் தடவ களிம்பும் கொடுத்தபோது 35 சதவீதம். 2025-ல் வெளியான முடிவு. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுப்பது அவ்வளவு மட்டம் என்று தெரிந்துவிட்டதால்.

நம் துரை கிளினிக் வாசலில் பைக்கை விட்டு இறங்காமல் ரீல்ஸ் பார்க்கிறார். உள்ளே கூப்பிட்டால் உதைத்து ஸ்டார்ட் செய்கிறார்: "எனக்கெதுக்குடி மருந்து? நான் ஆம்பள!"