கம்புக்குள் கறுப்பு

பாறசாலையில் வாங்கிய கம்பில் கறுப்பாக, நீளமாகச் சில துண்டுகள். எலிப்புழுக்கைதானே?
*வாசகர், பொழியூர்*

எலியை விட்டுவிடுங்கள், பாவம்! 'எர்காட்' என்ற பூஞ்சையாக இருக்கலாம். கம்பு பூக்கும் நேரத்தில் மழையும் மூட்டமுமாக இருந்தால் கதிரில் தேன்போல வடியும். பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கறுப்புத் துண்டு உட்கார்ந்துவிடும். சாப்பிட்டால் வாந்தி, தலைச்சுற்றல், தீராத தூக்கம். ராஜஸ்தானிலும் மகாராஷ்டிரத்திலும் கம்பு தின்ற குடும்பங்கள் பட்ட பாடு இது. கிலோவுக்கு அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுச் சட்டம். கண்ணுக்குத் தெரிகிற அளவு இருந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

இதிலிருந்து மருந்து எடுக்கிறார்களாமே, நிஜமா?

பிரசவ வார்டு நர்ஸிடம் 'மெத்தர்ஜின்' என்று சொல்லிப் பாருங்கள்! ரை தானியத்து எர்காட்டிலிருந்து 1935-இல் பிரித்தெடுத்த எர்கோமெட்ரினின் தங்கை அது. பேறுக்குப் பின் கருப்பையை இறுக்கி ரத்தப்போக்கை நிறுத்தும். ரத்த அழுத்தம் கூடிய தாய்க்குப் போடக் கூடாது. இந்த மருந்துக்காகவே நீலகிரியில் ரை விதைத்து, பூஞ்சையை வலியப் பிடிக்க வைத்த காலமும் உண்டு.

அப்படியானால் கம்பிலுள்ளதையும் எடுத்து வைக்கலாமா?

எதற்கு? கம்பைப் பிடிப்பது வேறு இனப் பூஞ்சை, அதன் நஞ்சும் வேறு. விதைக்கம்பு என்றால் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து அதில் விதையைக் கொட்டுங்கள். மிதப்பதை அள்ளி எரித்துவிட்டு, மூழ்கியதைக் கழுவி நிழலில் உலர்த்தி விதையுங்கள்.