வாசற்கதவின் காந்தப் பாயம்: ஓர் அலகு மாற்ற விசாரம்

வடக்குப் பார்த்த வாசலுக்கும் கிழக்குப் பார்த்த வாசலுக்கும் உள்ள தாரதம்மியங்களை மனையடி சாஸ்திரக்காரர்கள் வெகு விஸ்தாரமாக வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆயினும், சாத்திய கதவினூடே எவ்வளவு காந்தப் பாயம் செல்கிறது என்பதையும், செல்வதை வெபரில் சொல்வதா மாக்ஸ்வெல்லில் சொல்வதா என்பதையும் அவர்கள் ஒரு வரியிலேனும் தொடாமல் விட்டிருப்பது, குடும்ப கௌரவத்தில் அக்கறையுள்ள எவருக்கும் வருத்தம் தரத்தக்கது. இக்குறையை இயன்றவரை நிவர்த்தி செய்வதே இந்த ஆராய்ச்சியின் பிரயோஜனம்.

இதற்கு உகந்த க்ஷேத்திரம் திருநெல்வேலி. காந்த ஊசி எந்தப் பக்கமும் தலை சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோட்டுக்குக் காந்த நடுக்கோடு என்று பெயர். அக்கோடு பாரத தேசத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதும், இந்த விசேஷத்தை முன்னிட்டே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அவ்வூரில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் பலருக்குத் தெரியாது. அங்கே பூமியின் காந்தப் புலம் தெற்கிலிருந்து வடக்காக, ஏறக்குறைய தரைக்கு இணையாகவே ஓடுகிறது; அதன் செறிவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா, பழைய கணக்கில் 0.4 காஸ். இரண்டு மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமுமான ஒற்றைத் தேக்குக் கதவை வடக்கு வாசலில் மாட்டிச் சாத்தினால், அதனூடே செல்லும் பாயம், அதாவது செறிவைப் பரப்பால் பெருக்கிய தொகை, 80 மைக்ரோவெபர். கீலும் நாதாங்கியும் இரும்பாயிருந்தால் கணக்கு கெடும். ஆகவே எல்லாம் பித்தளையில் செய்தவை என்று பாவித்துக்கொள்க.

80 மைக்ரோவெபர் என்பது 0.00008 வெபர். பரம்பரை வீட்டின் தலைவாசலைப் பற்றிச் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளக்கூடிய தொகையா இது? அதே பாயத்தை மாக்ஸ்வெல்லில் எழுதினால் 8,000 ஆகிறது. கதவில் ஓர் அங்குலமும் கூடவில்லை, காற்றில் ஓர் அணுவும் அசையவில்லை, ஆனால் வீட்டுக்கு ஒரு களை வந்துவிடுகிறது. இன்னும் பெருமை வேண்டுவோர் மீக்கடத்து வளையங்களில் காணப்படும் பாயக் குவாண்டத்தை அலகாகக் கொள்ளலாம். 1961ல் சோதனைகளால் நிரூபணமான அந்தச் சிறுதுளியில் எண்ணினால் இக்கதவின் பாயம் மூவாயிரத்து எண்ணூறு கோடிக்கும் மேல் தேறும். தேக்கு மரம் மீக்கடத்தி அன்று என்ற ஆட்சேபம் நியாயமானதே. பெருமை பேசுமிடத்தில் அதை யார் கேட்கப் போகிறார்கள்?

ஒரு வெபருக்குப் பத்துக் கோடி மாக்ஸ்வெல். ஏன் பத்துக் கோடி என்றால், ஒரு டெஸ்லாவுக்குப் பதினாயிரம் காஸ், ஒரு சதுர மீட்டருக்குப் பதினாயிரம் சதுர சென்டிமீட்டர், இரண்டையும் பெருக்கினால் ஆயிற்று என்று மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். விடை சரி, வம்சாவளிதான் தலைகீழ். தந்திப் பொறியாளர்களுக்குத் தங்கள் டேனியல் மின்கலத்தின் மின்னியக்கு விசை ஒன்றுக்கு அருகே வரும்படியான ஓர் அலகு தேவைப்பட்டது. சென்டிமீட்டரையும் கிராமையும் வினாடியையும் அடியொற்றிப் பிறந்த அலகோ மிக அற்பமாயிருந்தது. எனவே அதைப் பத்துக் கோடி மடங்காக்கி வோல்ட் என்றார்கள், 1881ல் பாரிஸில் கூடிய மின்னியலாளர் மாநாடும் அதற்கு முத்திரை வைத்தது. ஒரு சுற்றுக் கம்பியினூடே பாயம் வினாடிக்கு ஒரு வெபர் வீதம் மாறினால் ஒரு வோல்ட் பிறக்கும் என்பது வெபரின் இலக்கணமாகையால், தந்தி ஆபீஸின் சௌகரியத்துக்காக வந்த அந்தப் பத்துக் கோடி அப்படியே பாயத்தின் தலையிலும் ஏறிற்று. டெஸ்லாவுக்கு 1960ல்தான் நாமகரணம் நடந்தது. ஆகவே பதினாயிரம் பத்துக் கோடியின் பேரனேயன்றிப் பாட்டன் அன்று.

பெயருக்குரிய வில்ஹெல்ம் வெபரின் ஜாதகமும் கவனிக்கத்தக்கது. காஸுடன் சேர்ந்து 1833ல் கோட்டிங்கன் நகரத்துக் கூரைகளின் மேல் தந்திக் கம்பி இழுத்த அவர், ஹானோவர் மன்னர் அரசியல் சட்டத்தை ரத்து செய்ததை ஆட்சேபித்து, வேறு ஆறு பேராசிரியர்களோடு 1837ல் வேலை இழந்தார். பிற்காலத்தில் இங்கிலாந்துப் பொறியாளர்கள் மின்னோட்டத்தின் அலகை வெபர் என்று வழங்கி வந்தார்கள். அதையும் மேற்படி 1881 மாநாடு, அவர் உயிரோடிருக்கையிலேயே, பறித்து ஆம்பியருக்குக் கொடுத்துவிட்டது. மாக்ஸ்வெல் 1900லேயே பாயத்தின் அலகாகி அமர்ந்துவிட, வெபருக்கு அந்த யோகம் 1935ல்தான் வாய்த்தது. தாமதத்துக்கு வட்டிபோல, மற்றவரைவிடப் பத்துக் கோடி மடங்கு பெரியவராக வந்து சேர்ந்தார்.

அமெரிக்கப் பொறியாளர்கள் மாக்ஸ்வெல்லைக் கோடு என்றும் ஆயிரம் மாக்ஸ்வெல்லைக் கிலோகோடு என்றும் வழங்கினார்கள். அவ்வழக்கின்படி நமது கதவு எட்டுக் கிலோகோடு. அவர்கள் பரப்பைச் சதுர அங்குலத்தில் அளந்து செய்த கூத்தை இங்கே விவரிக்கப் புகவில்லை. பரீட்சைக் கூடத்தில் அதைவிட அபாயகரமான ஒரு பிராணி உலவுகிறது: காஸை மாற்றாமல் சதுர மீட்டரோடு பெருக்குவதனாலோ, டெஸ்லாவைச் சதுர சென்டிமீட்டரோடு பெருக்குவதனாலோ பிறப்பது. முதல் வழியில் நமது கதவுக்கு 0.8 என்ற விடை வரும். பார்ப்பதற்கு வெகு சாதுவான எண். அதை வெபர் என்று நம்பினவன் உண்மையிலிருந்து பதினாயிரம் மடங்கு விலகி நிற்கிறான்.

இனி விஷயத்தின் ஜீவநாடிக்கு வருவோம். கதவின் நான்கு விளிம்பையும் சுற்றி ஒரே சுற்றாகச் செப்புக் கம்பி பதித்து, அதன் முனைகளை நுட்பமான வோல்ட்மீட்டரில் இணைத்திருப்பதாகக் கொள்வோம். செங்கோணமாகத் திறந்து கிடக்கும் கதவில் பாயம் அநேகமாகச் சூன்யம். சாத்தியதும் 80 மைக்ரோவெபர். நிதானமாக ஒரு வினாடியில் சாத்தினால் சராசரியாக 80 மைக்ரோவோல்ட் எழும். நன்கொடைச் சீட்டோடு வந்தவர் படியிறங்கியதும் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கில் அறைந்து சாத்தினால் 400 மைக்ரோவோல்ட். ஆகவே வீட்டுக்காரரின் சினத்தை வோல்ட்டில் அளக்கலாம் என்றாகிறது. அச்சினமோ ஒரு மில்லிவோல்ட்டுக்குக்கூடக் காணாது. ஆனால் பழைய முறையில், எட்டாயிரம் மாக்ஸ்வெல்லை ஐந்தில் ஒரு வினாடியால் வகுத்து எழுதினால், அதே சினம் நாற்பதாயிரம்! படியிறங்கியவர் காதில் விழவேண்டியது எந்த எண் என்பதை அவரவர் சுபாவம் தீர்மானிக்கட்டும்.

இங்கே பூர்வபக்ஷம் ஒன்று எழும். மின்னழுத்தம் கூடினால் நேரம் குறைகிறதே. இரண்டையும் பெருக்கினால் என்ன வரும்? வோல்ட்டை வினாடியால் பெருக்கினால் வருவது வெபரேதான். மெல்லச் சாத்தினாலும் அறைந்து சாத்தினாலும் பெருக்கற்பலன் அதே 80 மைக்ரோவெபர். பாயமானி என்ற கருவி இந்த மொத்தத்தை மட்டுமே காட்டுமாகையால், சாத்தியவர் சாந்த சொரூபியா துர்வாசரா என்று அதனால் சொல்ல முடியாது. கதவைத் திரும்பத் திறந்தால் அது எதிர்த் திசையில் அதே அளவு போய்ப் பழைய இடத்தில் நிற்கும். வாடகைக்கு வீடு விடுவோர் வோல்ட்மீட்டரும், குடியிருப்போர் பாயமானியும் வைத்துக்கொள்வது உசிதம்.

நண்பகல் விஷயமும் உண்டு. காந்த நடுக்கோட்டின் மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல்வேளையில் ஓடும் மின்னோட்டத்தால், உச்சிப்பொழுதில் கிடைப்புலம் 100 நானோடெஸ்லா அளவுக்கு உயர்வதுண்டு. வீட்டார் உண்டு உறங்கும் நேரத்தில், சாத்திய கதவுக்கு 20 மாக்ஸ்வெல் லாபம். வெபரில் இது 0.0000002, எந்தக் கணக்குப்பிள்ளையும் ஏடெடுத்து எழுதமாட்டான்.

கிழக்கு வாசலுக்கு இத்தனை வைபவம் இல்லை. காந்த வடக்கும் உண்மை வடக்கும் அவ்வூரில் அதிகம் பிரியாதிருப்பதால், அக்கதவுக்குச் சில நூறு மாக்ஸ்வெல் கிடைத்தால் அதிகம். தரையின் கதி இதனினும் விசேஷம்: காந்த நடுக்கோட்டின் மேலேயே கட்டிய வீட்டில், கூடம் எவ்வளவு பெரிதானாலும் தரையினூடே செல்லும் பாயம் சூன்யம், சூன்யத்தைப் பத்துக் கோடியால் பெருக்கினாலும் வகுத்தாலும் சூன்யமே. அலகு மாற்ற அட்டவணை வேண்டாத ஒரே கூடம் அது. ஆனால் அக்கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆண்டுக்காண்டு மெல்ல நகர்கிறது. எனவே இத்தகைய வீட்டைக் கிரயம் செய்வோர், பத்திரத்தில் நான்கெல்லையோடு பாயத்தையும் சேர்த்து எழுதுவதானால், அளந்த தேதியைத் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.