பக்கத்து வளவுக் காக்காவுக்கு ஒரு வாழ்த்து

பக்கத்து வளவுக் காக்காவை நான் புகழாவிட்டால் வேறு யார் புகழப் போகிறார்கள்? என் பிள்ளைகளை அவரைப் போல் கவனிக்கிற மனிதர் சவளக்கடையில் இல்லை. அஸருக்குப் பிறகு அவர்கள் முற்றத்தில் இறங்கினால் எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். சின்னவன் சிரித்தாலும் தெரியும். மகள் சைக்கிள் மணியை அடித்தாலும் தெரியும். பெற்ற வாப்பாகூட இவ்வளவு காது கொடுப்பதில்லை.

பந்து விடயத்தில் அவருடைய பேணுதலைச் சொல்லி முடியாது. வேலி தாண்டிப் போன டென்னிஸ் பந்து ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. அத்தனையும் அவருடைய விறாந்தை மூலையில் ஒரு பழைய வாளிக்குள் பத்திரமாக இருக்கின்றன. பிள்ளைகள் வேலி இடுக்கால் பார்த்து, எது யாருடைய பந்து என்று அடையாளம் சொல்வார்கள். அமானிதத்தைக் காப்பதில் அவர் முழுமையானவர். உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது மட்டும்தான் பாக்கி.

படிப்புக்கும் அவரே காரணம். "பொலிசில புடிச்சிக் குடுப்பன்" என்று அவர் ஏசியதில் ஏழு வயது மகன் இரவில் தூங்காமல் கிடந்தான். அவனைத் தேற்றத்தான் நான் சட்டம் தேடிப் படித்தேன். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது எதுவும் குற்றமாகாது என்று 2018 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியிருக்கிறார்கள். அதற்கு முன்பு அந்த எல்லை 8 வயது. விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை. இலங்கை அதை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அயலவர் பிணக்கைச் சட்டத்தரணி இல்லாமல் நேரில் பேசித் தீர்க்க 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியஸ்த சபை இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுமை நடந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். இவ்வளவையும் காசு வாங்காமல் கற்பித்த உஸ்தாத் அவர்.

பிள்ளைகள் காணும்போதெல்லாம் அவருக்கு ஸலாம் சொல்கிறார்கள். அவரும் பதில் சொல்லத்தான் செய்வார். மலக்குகளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்வார் போலும். பெருமையில்லாத மனிதர்!

மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால் கல்முனைக்குப் போகிற பாதை அடைபட்டுவிடும். பிள்ளைகளுக்கு வீடும் முற்றமும்தான் கதி. காக்காவுக்கு அப்போதும் ஓய்வில்லை. குடை பிடித்துக்கொண்டு வேலியடியில் நின்று ஏசுவார். அந்த மழையில் எங்கள் சொந்தக்காரர் தண்ணீருக்கு அக்கரையில் இருக்கிறார்கள். நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நான் தட்ட வேண்டியது அவர் வீட்டுக் கதவைத்தான். அவருக்கு ஒன்றென்றால் ஓடப் போவதும் நாங்கள்தான். அயலவரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததில், அயலவருக்குச் சொத்திலும் பங்கு வைத்துவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்களுக்கு எண்ணம் வந்ததாம். அந்தப் பயானை முன்சப்பில் இருந்து கேட்பவர் எங்கள் காக்கா.

காக்கா, சொத்தில் நாங்கள் பங்கு கேட்கவில்லை. லுஹருக்குப் பின் நீங்கள் கண்ணயரும் நேரம் சத்தம் போடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது உங்கள் உரிமை, அதை மீறினால் நாங்களே கண்டிப்போம். உங்கள் கூரையில் ஓடு உடைந்தால் மாற்றித் தருவதும் எங்கள் பொறுப்பு. குறை இருந்தால் எங்கள் கடப்படிக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள், அவர்களின் வாப்பாவிடம் சொல்லுங்கள். பிள்ளைகளை மட்டும் ஏசாதீர்கள். அந்த வாளியையும் ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் கவிழ்த்துவிடுங்கள்.