கலப்பைக்கிழங்கு

போன ஐப்பசி மழையில், எங்கள் அலுவிகாரை வீட்டுத் தோட்டத்தில், மிளகுக்கொடி ஏற்றியிருக்கும் மரத்தடியில் யாரும் நடாத ஒரு கொடி முளைத்து நின்றது. மகன் கைபேசியை நீட்டிப் படம் எடுத்தான். கண் மூடித் திறப்பதற்குள் மூன்று பெயர்கள் வந்தன. ஒன்று மூங்கில் வகை, ஒன்று இஞ்சி வகை, மற்றது ஏதோ அல்லி.

"எதும்மா சரி?"

நான் குனிந்து பார்த்தேன். இலை நுனி நூலாக நீண்டு, சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பிடித்திருந்தது. மண்ணை விலக்கினேன். கிழங்கு இரண்டாகப் பிரிந்து, ஏர்க்கலப்பை மாதிரியே கிடந்தது. கலப்பைக்கிழங்கு! பூத்தால் கார்த்திகைப்பூ, சிங்களத்தில் நியங்களா. பூத்திருந்தால் கைபேசியும் சரியாகச் சொல்லியிருக்கும். ஆனால் பூ இல்லாத நாளில்தான் கிழங்கு தோண்டுகிறவர் ஏமாறுகிறார். அதில் இருப்பது கொல்சிசின் என்ற கடும் நஞ்சு. வள்ளிக்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் இந்த நாட்டில் உண்டு.

இதை எனக்குக் காட்டித் தந்தது அம்மாயி. எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்தில் கொழுந்து எடுத்தே காய்த்த கை. "நின்னுக்கிட்டுப் பாத்தா ஒன்னும் தெரியாது புள்ள, குந்து" என்பார். குந்தியதும் கீழாநெல்லிக் கிளையைத் திருப்பிப் பிடிப்பார். அடியில் வரிசையாகக் காய். சின்னக் காம்போடு வழவழப்பாக இருந்தால் மடியில் போடுவார். காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, சொரசொரவென்று, தண்டும் சிவந்திருந்தால் "இது வேற" என்று விட்டுவிடுவார். குப்பைமேனியை வேரோடு பிடுங்கித் திண்ணையில் போட்டுவிட்டுக் காத்திருப்பார். பூனை வந்து வேரில் முகத்தைத் தேய்த்துப் புரளும். அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் ஏன் வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்த சிங்கள அம்மாவும் அதைக் குப்பமேனியா என்றுதான் சொல்வார். செடி விஷயத்தில் அந்த இரண்டு பேருக்கும் பாஷை ஒரு தடையாகவே இருந்ததில்லை.

பெயர் வைத்தவர்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்! எதைப் பார்த்து அடையாளம் காண வேண்டும் என்பதைப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அலுவிகாரைப் பாறைக் கோயில். கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகளின் மனப்பாடத்திலேயே இருந்த திரிபிடகத்தை இங்கேதான் ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. போரும் பஞ்சமும் வந்து, மனப்பாடம் செய்தவர்கள் மடிந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம். இன்றைக்கும் அங்கே போனால் ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை தடவிக் காட்டுவார்கள். ஓலை தாளிப்பனையுடையது, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்து, காய்த்து, பட்டுப்போகிற மரம்.

அந்தப் பாறையடியில் குடியிருந்த எங்கள் குடும்பத்தில், அம்மாயி சொன்ன ஒரு பெயரைக்கூட யாரும் கொப்பியில் எழுதி வைக்கவில்லை. அவர் போய் 30 வருஷம். அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்கு ஞாபகம் இல்லை. வேலியோரத்தில் சிலவற்றைப் பார்க்கும்போது முகம் தெரிகிறது, பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

பெயர் தெரியாத செடியைப் படம் எடுங்கள், நல்லதுதான். பூ, காய், இலையின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் எடுங்கள். பூவும் காயுமாக ஒரு கிளையைப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்துக்குக் கொண்டுபோனால், அங்கே பாடம்செய்து வைத்திருக்கும் செடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் கைபேசி சொன்னதென்று கஷாயம் வைக்காதீர்கள், கிழங்கு அவிக்காதீர்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவையுங்கள். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு நீங்கள் பக்கத்தில் குந்துங்கள்.