கம்பனிப் பதிவாளர் நாயகத்துக்கு ஒரு பாடசாலை விண்ணப்பம்

பெறுநர்: கம்பனிகள் பதிவாளர் நாயகம் அவர்கள், சமாகம் மெதுர, டீ. ஆர். விஜேவர்தன மாவத்தை, கொழும்பு 10.

விடயம்: ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏற்ற பாடசாலை.

ஐயா அல்லது அம்மணி,

இந்தக் கடிதம் கந்தோர் மாறி வந்துவிட்டதென்று தபாலைப் பிரிக்கும் எழுதுவினைஞர் நினைக்கக்கூடும். மாறவில்லை. கொச்சிக்கடையில், ஜம்பட்டா வீதிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் தகப்பன் ஒருவர், தன் வீட்டுப் பழக்கவழக்கத்துக்கு ஒத்துவரும் பாடசாலை எதுவென்று மாதக்கணக்காக அலைந்து, கடைசியில் தங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். இனி அவர் விண்ணப்பதாரர் எனப்படுவார்.

கல்வி அமைச்சு இருக்கக் கம்பனிப் பதிவாளர் எதற்கு என்றால், காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1960-இன் 5-ஆம் இலக்கச் சட்டமும் 1961-இன் 8-ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கத்தின் கையில் கொடுத்தன. கத்தோலிக்கப் பெற்றோர் பாய் தலையணையோடு போய்ப் பாடசாலைகளுக்குள் குந்தியிருந்து மறித்தும் பலிக்கவில்லை. கட்டணம் அறவிடமாட்டோம் என்று தனியே நின்ற சில பாடசாலைகள் மட்டும் தப்பின. இரண்டாவது சட்டம் இன்னொன்றும் சொன்னது: 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு இனி அரசாங்கத்தைத் தவிர வேறு யாரும் புதிதாகப் பாடசாலை தொடங்க முடியாது. ஆனால் கம்பனி தொடங்க முடியாதென்று சொல்லவில்லை. 1977-க்குப் பிறகு பொருளாதாரக் கதவு திறந்தது, எண்பதுகளில் 'சர்வதேசம்' வந்தது. அன்றிலிருந்து இந்நாட்டில் சர்வதேசப் பாடசாலை என்பது கல்வி அமைச்சில் அல்ல, தங்கள் ஏட்டில்தான் பிறக்கிறது. பிள்ளைக்குத் தவணைக்கொரு தேர்ச்சி அறிக்கை வருவதுபோல் பாடசாலைக்கும் வருடத்துக்கொன்று உண்டு. அதன் பெயர் படிவம் 15, அதைப் பார்ப்பவர் தாங்கள். ஆகவே அதிபர்களுக்கெல்லாம் பெரிய அதிபர் தாங்களே.

விண்ணப்பதாரர் அரசாங்கப் பாடசாலையைப் பார்க்காமல் விடவில்லை. 1945-இல் கன்னங்கரா தந்த இலவசக் கல்வியில் படித்து வந்தவர்தான் அவரும். முதலாம் ஆண்டு அனுமதிச் சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். வீட்டுக்கும் பாடசாலைக்கும் எவ்வளவு தூரம், வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடமாகப் பெயர் இருக்கிறது, உறுதி யார் பெயரில், மின்கட்டணப் பட்டியல் யார் பெயரில் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. வாடகை வீட்டில் மின்சாரப் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும்; எரிவது இவர் வீட்டு விளக்கு, புள்ளி அவருக்கு. அதையும் தாண்டினால் சமய விகிதம் நிற்கிறது. கையேற்கப்பட்ட பாடசாலையாக இருந்தால், கையேற்ற காலத்தில் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் எந்த அளவில் இருந்தார்களோ அந்த அளவைப் பார்த்துத்தான் இன்றும் சேர்ப்பார்கள். ஜோன் எஃப். கென்னடி பதவியேற்ற காலத்தில் அந்த வாங்கில் யார் குந்தியிருந்தார் என்பதை வைத்து 2020-களில் பிறந்த பிள்ளைக்கு இடம் பார்க்கும் நாடு இது.

அப்படியே அவர் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தார்.

காலி வீதிக்குக் கடல் பக்கமாக, குளிரூட்டிய வரவேற்பறையுள்ள ஒரு பாடசாலை. பெயர் இங்கு வேண்டாம். தங்கள் கோப்பில் இருக்கும். சுவரில் நான்கு விழுமியங்கள் பொன்னெழுத்தில் பதித்திருந்தன: நேர்மை, மரியாதை, பன்மைத்துவம், உலகக் குடியுரிமை. அவற்றுக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது: இவ்வளாகத்தில் ஆங்கிலம் மட்டும் பேசவும். பன்மைத்துவத்துக்கும் தாளுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி.

நேர்முகம் பிள்ளைக்குத்தான், பெற்றோருக்கு இல்லை என்றார்கள். பிறகு பெற்றோரிடம்தான் அதிகம் கேட்டார்கள். என்ன தொழில், என்ன வாகனம், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள்? பிள்ளையிடம் ஒரு படத்தைக் காட்டி, கடற்கரையில் என்னவெல்லாம் இருக்கும் என்று டீச்சர் ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளை யோசிக்கவேயில்லை. "கிரேன்" என்றாள். வேறென்ன என்றதற்கு "கண்டேனர்" என்றாள். டீச்சர் எதிர்பார்த்தது வாளியும் மணல்வீடும். கொச்சிக்கடையில் பிறந்த பிள்ளைக்குக் கடல் என்றால் துறைமுகம். மொட்டை மாடியில் ஏறினால் கண்ணில் படுவது அதுதான். டீச்சர் குறிப்புத்தாளில் எழுதியதை விண்ணப்பதாரர் தலைகீழாகவே வாசித்துவிட்டார்: சொல்வளம் போதாது. பிள்ளை சொன்ன இரண்டும் ஆங்கிலச் சொற்கள்தானே என்று அவர் பணிவோடு கேட்டார். கேட்டது தமிழில் என்பதால் பதில் கிடைக்கவில்லை.

அந்தப் பாடசாலையில் தமிழும் உண்டாம். பிரெஞ்சு நடக்கும் அதே நேரத்தில்தான் தமிழ் வகுப்பும். இரண்டில் ஒன்றை எடுக்கலாம்.

வீட்டுக்கு ஏற்ற பாடசாலையைத் தேடி அலைவது இவருடைய புது வியாதியல்ல என்பதையும் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். ஆறுமுக நாவலர் பார்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவியவர். வெஸ்லியன் பாடசாலையில் படிப்பித்தவர். அங்கே சைவப் பிள்ளைகளுக்கு எது கிடைக்கவில்லை என்று பார்த்து 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாதிரிமாரிடம் கற்ற வகுப்பு முறையையும் அச்சுக்கூடத்தையும் விடாமல் கூடவே கொண்டுபோனது அவருடைய கெட்டித்தனம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எடுப்பித்த சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1913-இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கும் 1921-இல் திருநெல்வேலியில் ஆண்களுக்கும் கல்லூரி கட்டினார். பௌத்தர்களும் 1886-இல் புறக்கோட்டையில் ஒரு சிறு ஆங்கிலப் பாடசாலை தொடங்கினார்கள். இன்று அது ஆனந்தாக் கல்லூரி. மனதுக்குப் பிடித்த பாடசாலை இல்லையென்றால், அந்தக் காலத்தில் ஒன்றைக் கட்டினார்கள்.

இன்று நாவலர் வந்தால் நேரே தங்களிடம்தான் வரவேண்டும். முதலில் பெயர் அனுமதி: 'சைவப்பிரகாச வித்தியாசாலை (தனியார்) வரையறுக்கப்பட்டது'. பிறகு படிவம் 1. பணிப்பாளராக இருக்கச் சம்மதம் என்று படிவம் 18-இல் அவருடைய கையொப்பம். கம்பனிச் செயலாளருக்குப் படிவம் 19. 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டப்படி ஒரே ஒரு பங்குதாரர் போதும் என்பதால் அந்தப் பிரமச்சாரிக்கு அதில் சங்கடமிராது. பாலபாடம் எழுதியவர் ஆசிரியரா, அவருக்குப் படிப்பிக்கத் தெரியுமா என்று அந்தப் படிவங்கள் எதிலும் கேள்வியில்லை.

விண்ணப்பதாரரின் அயலவர்கள் எல்லாரும் ஆலோசனை சொல்கிறார்கள். "லோக்கலா, லண்டனா?" என்பதுதான் முதல் கேள்வி. லோக்கல் சிலபஸில் சமயம் கட்டாயப் பாடம். சைவநெறி, கத்தோலிக்கம், இஸ்லாம் என்று அவரவர் புத்தகம். லண்டன் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் பொதுவாசலில் இசற் புள்ளி கேட்பார்கள், லண்டன் ஏ.எல்.லில் அது கிடையாது. வெளிநாட்டுக்கு அனுப்பக் காசிருந்தால் லண்டன், இல்லாவிட்டால் லோக்கல் என்று முடித்தார் பக்கத்துக் கடை முதலாளி. விழுமியம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டுக்கும் டியூஷன் வேண்டும் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து.

எனவே விண்ணப்பதாரர் தங்களிடம் கேட்பது பெரிய உதவியல்ல. சிறு கட்டணம் கட்டினால் எந்தக் கம்பனியின் கோப்பையும் யாரும் பார்க்கலாம் என்று சொல்கிறார்கள். மேற்படி வெள்ளவத்தைப் பாடசாலைக் கம்பனியின் பணிப்பாளர்கள் யார் யார், பங்குகள் எவரெவர் கையில் என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். சுவரில் இருந்த அந்த நான்கு சொற்கள் கோப்பில் எந்தப் பக்கத்திலாவது இருந்தால், அந்தப் பக்கத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று வேண்டும்.

இப்படிக்கு,
கொச்சிக்கடை, கொழும்பு 13.

பி.கு.: அனுமதிப் படிவத்தின் பிரதி இத்துடன் உண்டு. அதில் 'சமயம்' என்ற கூட்டைப் பிள்ளையின் தாய் நிரப்பினார். செவ்வாய்க்கிழமை அந்தோனியார், வெள்ளிக்கிழமை பொன்னம்பலவாணேசர் என்று எழுதினார். இந்தப் பகுதியில் பாதி வீடு அப்படித்தான். 2019 ஏப்ரல் 21-இல் குண்டு வெடித்த அந்தோனியார் கோயில் ஜூன் 12-இல் மீண்டும் திறந்த பிறகு, அந்தச் செவ்வாய்க்கிழமைகளை விடாதவர்களில் அவரும் ஒருவர். அவர் எழுதியதைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் 'இந்து' என்று எழுதியிருப்பது பாடசாலைக் கந்தோரின் சிவப்புப் பேனை.